வளர்த்த நாயை எங்கே ஒப்படைப்பது? உடப்பிலிருந்து மதுரங்குளி வரை

"தம்பி, வீமனுக்கு ஒரு இடம் பார்க்கவேணும்" என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அத்தானுக்கு இருதய சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதன் பிறகும் மாதக்கணக்கில் கிளினிக் இருப்பதால் கொழும்பில் தங்கியே ஆகவேண்டும். மகன் பிரான்சிலிருந்து அனுப்பும் காசில் வெள்ளவத்தையில் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். நாய், பூனை கூடாது என்று அந்த வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். உடப்பு வீட்டை வாடகைக்குக் கொடுத்தாயிற்று. பாத்திரம் பண்டம் எல்லாவற்றுக்கும் வழி கிடைத்தது. வீமனுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

வீமன் ஆறு வயதுக் கடுவன். மண்ணிறம், ஒரு காது மடிந்திருக்கும், சாதாரண ஊர் நாய். சோறும் மீன் தலையும் தின்று வளர்ந்தது. யாரையும் கடித்ததில்லை. அதற்காக எல்லோரையும் உள்ளே விடும் நாயும் இல்லை.

அயலவர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மீன் சந்தையடியில் விட்டால் வயிறு வாடாது என்றார் ஒருவர். கோயிலடியில் விட்டால் சனம் சோறு போடும் என்றார் இன்னொருவர். கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வரும் கடற்கரையில் விட்டால் அவர்களே கொண்டுபோய் வளர்ப்பார்கள் என்று ஓர் இளைஞன் சொன்னான். எல்லா யோசனைகளிலும் இருந்தது 'விடுறது' என்ற ஒரே சொல். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. நம் ஊர்களில் வளர்த்த நாயைப் பிரிவதற்கு வேறு வழி பழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அக்காவுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். இவன் எங்கள் குடும்பத்தின் இரண்டாவது வீமன்.

முதலாவது வீமன் தருமபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தான். 2009 தை மாதம் கிளிநொச்சி விழுந்து ஷெல் எங்கள் பக்கம் வரத் தொடங்கியபோது உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். கிழவர்களுக்கும் குழந்தைகளுக்குமே பெட்டியில் இடம் போதவில்லை. சங்கிலியை அவிழ்த்துவிட்டது நான்தான். கட்டியபடி விட்டால் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அது பெட்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தது. விசுவமடுச் சந்தியில் சனமும் வாகனமும் நெரிந்த இடத்தில் காணாமல் போனது. அதற்குப் பிறகு நடந்தவற்றை இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெனிக்பாம் முகாமில் இருந்தபோதும் அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பல வருடங்கள் கழித்து, அத்தானின் ஊரான உடப்பில் குடியேறிய பிறகு, யாரோ கொடுத்த குட்டிக்கு அந்தப் பெயரையே வைத்தார். அத்தான் முல்லைத்தீவுக் கரைக்குக் கரைவலைத் தொழிலுக்கு வந்து அங்கேயே கல்யாணம் கட்டியவர். திரௌபதையம்மன் கோயில் ஊர்க்காரருக்கு வீமன் என்ற பெயர் புதிதல்ல. அத்தான் தம் ஊர் வழக்கப்படி வைத்த பெயர் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஆகவே இந்த முறை அவிழ்த்துவிடுவதில்லை, ஒருவர் கையில் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். இரண்டரை மாதம் எடுத்தது. அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், வைத்தியத்துக்குக் கொழும்பு போகிறவர்கள் நம்மவரில் இப்போது அதிகம். யாருக்காவது உதவும்.

ஏன் சந்தையில் விடக்கூடாது

வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. சந்தையிலும் துறையிலும் ஏற்கனவே ஒரு நாய்க் கூட்டம் இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புதிதாக வந்த ஆறு வயதுக் கடுவனை அவை சேர்த்துக்கொள்ளா. முதல் இரவே கடிபடும். புண்ணில் புழு வைக்கும். தப்பினால் வீட்டைத் தேடி ஓடத் தொடங்கும். அந்த ஓட்டத்தில்தான் கொழும்பு - புத்தளம் வீதியில் லொறியில் அடிபடுவது.

நாய் வழி தேடுவது கட்டுக்கதையல்ல. செக் குடியரசில் 27 வேட்டை நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் கருவி கட்டிக் காட்டில் விட்டுப் பார்த்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. புதிய பாதையால் எசமானிடம் திரும்பிய நாய்களில் பல, திரும்புமுன் வடக்குத் தெற்காக இருபது மீற்றர் அளவு ஒரு சிறு ஓட்டம் ஓடி, பிறகே சரியான திசையைப் பிடித்தன. பூமியின் காந்தப் புலத்தை வைத்துத் திசை அறிகின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். காட்டுக்கு அது சரி. லொறியைப் பற்றி காந்தப் புலம் எதுவும் சொல்லாது.

வில்பத்து எல்லையில் கொண்டுபோய் விடுவது இன்னும் மோசம். வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் பக்கம் காடு இருக்கிறது, வேட்டையாடித் தின்னும் என்று சிலர் சொல்கிறார்கள். சிறுத்தைக்கு நாய் நல்ல இரை என்பதை விடுங்கள். நாயிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் போகும். தன்சானியாவின் செரங்கெட்டியில் 1994இல் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் பரவி ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் இறந்தன. அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அது. சுற்றியிருந்த கிராமங்களின் நாய்களிலிருந்தே வைரஸ் வந்ததென்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

மனிதருக்கும் இதில் ஆபத்து உண்டு. இலங்கையில் 1973இல் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி போட்டும் அந்தத் தொகை அண்மைய ஆண்டுகளில் இருபது, முப்பதளவுக்கு இறங்கியிருக்கிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 வீதத்துக்காவது ஊசி போட்டால் நோய் பரவுவதை நிறுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வருடா வருடம் ஊசி போட்ட வீட்டு நாயைத் தெருவில் விட்டால் அடுத்த வருடம் அதைப் பிடித்து ஊசி போட ஆள் இருக்காது. அந்த எழுபதில் ஒன்று குறையும்.

சட்டம் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும். நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. உள்ளூராட்சி மன்றத்தில் வருடம் தோறும் பதியவேண்டும் என்பதே அதன் சாரம். எங்கள் தெருவில் யாரும் பதிந்ததாக எனக்குத் தெரியாது. மிருக வதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதில் உள்ள ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபா. இன்று ஒரு தேநீரும் வடையும் அந்தக் காசுக்கு வராது. 2006இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறையை அரசாங்கம் நிறுத்தியது. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் 'இப்போது யாரும் கொல்லமாட்டார்கள்தானே, விட்டால் என்ன' என்று நாயைக் கைவிடுவதற்கு அதையே சாட்டாக்குகிறவர்களும் உண்டு.

இடம் தேடுமுன் செய்யவேண்டியது

அட்டையைத் தேடி எடுத்தபோதுதான் முந்தைய வருட ஊசி தவறிப்போனது தெரிந்தது. அத்தானின் நோயில் யாருக்கும் நினைவு வரவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பிரதேச மிருக வைத்தியர் அலுவலகத்திலோ கேட்டால் ஊசி எங்கே, எப்போது போடுகிறார்கள் என்று சொல்வார்கள். மாசியில் போட்டோம். முதன்முறை போடும் நாயென்றால், ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது, மூன்று கிழமையாவது ஆகும். அதற்குப் பிறகு கைமாற்றுவது எல்லோருக்கும் நல்லது.

உங்கள் நாய் அண்மையில் யாரையாவது கடித்திருந்தால் உடனே வேறு வீட்டுக்குக் கொடுக்கவேண்டாம். 14 நாள் கட்டி வைத்துக் கவனிப்பதே இங்குள்ள நடைமுறை. அந்த நாட்களுக்குள் நாய் இறந்தாலோ குணம் மாறினாலோ கடிபட்டவருக்குத் தெரிந்தாகவேண்டும். நாய் கைமாறிப் போயிருந்தால் அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேராது. கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காக வீட்டில் இருந்துவிடக் கூடாது. வேறு ஏதாவது விசர் விலங்கு உங்கள் நாயைக் கடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மிருக வைத்தியரிடம் கேட்காமல் நாயை நகர்த்தவே கூடாது. நோய் வெளிப்பட மாதக்கணக்கில் ஆகலாம்.

பெட்டை நாயென்றால் கருத்தடை செய்துவிட்டே கொடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஆசையாக வாங்கிப்போகும் வீடுகூட முதல் ஈற்றில் ஆறு குட்டிகளைக் கண்டதும் மனம் மாறும். இந்தக் கரையோரத்தில் சாக்கில் கட்டிப் பாலத்தடியில் வைக்கப்படுபவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள்தான். கடுவனுக்கும் கருத்தடை நல்லது. ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையும். வீமனுக்கு அக்கா ஏற்கனவே செய்திருந்தார்.

பிறகு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். வயது, ஊசி போட்ட திகதிகள், உண்ணிக் காய்ச்சல் வந்த வருடம், காலையில் தின்னாது, மாலையில் மட்டும் தின்னும், வெடிக்குப் பயம், குடை விரித்தால் குரைக்கும், படுத்திருக்கும்போது வாலைத் தொட்டால் உறுமும். குறைகளை மறைக்கக்கூடாது. மறைத்துக் கொடுத்த நாய் ஒரு மாதத்தில் திரும்பி வரும், அல்லது திரும்பி வராமலே தெருவுக்குப் போகும்.

வந்து கேட்டவர்கள்

முதலில் கேட்டவர் முந்தல் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர். இந்தக் களப்போரத்தில் எண்பதுகளிலிருந்து இறால் பண்ணைகள் பரவின. தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோய் வந்து பல குளங்கள் கைவிடப்பட்டன. மிஞ்சியவற்றில் இரவுக் காவல்தான் பெரிய கவலை. அவர் நல்ல மனிதர், சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதுபோலவே பேசினார். ஆனால் பகலில் நாயைக் கட்டிவைப்போம், இரவில் அவிழ்த்துவிடுவோம் என்றார். நிழலாக ஒரு தகரக் கொட்டில் மட்டும் இருந்தது. பகல் முழுக்க அந்த வெயிலில், ஆளில்லாத இடத்தில், ஆறு வருடம் வீட்டுக்குள் படுத்த நாய். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாமவர் கற்பிட்டிக்கு அப்பால் ஒரு தீவில் வாடி போட்டுக் கருவாடு காயவைப்பவர். மீன் தாராளம், திருட்டுப் பயம் இல்லை, நாய் ஓடிப்போக வழியும் இல்லை. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வாடைக்காற்றுக் காலம் முடிந்து தென்மேற்குப் பருவக் காற்றுக்குக் கடல் கொந்தளித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆட்கள் கரைக்கு வந்துவிடுவார்களாம். நாய்? சிறிது யோசித்துவிட்டு, "அது அங்கயே இருக்கும்" என்றார். பொய் சொல்லவில்லை, அதற்கு நன்றி. காற்றாடிச் சறுக்கலுக்கும் டொல்பின் பார்க்கவும் ஆட்கள் வரும் விடுதிகளுக்கும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும். வெளிநாட்டார் இருக்கும் மாதங்களில் பிஸ்கட் கிடைக்கும். விடுதி பூட்டியிருக்கும் மாதங்களில் யார் இருப்பார்கள்?

முகநூலில் 'இலவசமாக நாய் தரப்படும்' என்று போடலாமென்று மருமகன் பிரான்சிலிருந்து யோசனை சொன்னான். போட்டோம், ஒரே நாளில் எடுத்துவிட்டோம். வீட்டைப் பார்க்க வரலாமா என்று நாங்கள் கேட்டதும் கேட்டவர்களில் பாதிப் பேர் பதில் போடவில்லை. 'இலவசம்' என்ற சொல் தேவையில்லாதவர்களையும் கூட்டிவரும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியே தேடுவது மெதுவானது, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பிணை இருக்கும். மிருக வைத்தியர், பால்காரர், தென்னந்தோட்டங்களுக்குத் தேங்காய் பறிக்கப் போகிறவர் - இவர்களுக்கு யார் வீட்டில் நாய் எப்படி இருக்கிறது என்பது தெரியும்.

பிரான்சுக்கே கொண்டுபோகலாமா என்றும் பார்த்தோம். முடியாதது அல்ல. இலங்கை போன்ற நாடுகளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ பிரித்தானியாவுக்கோ நாய் போவதென்றால் முதலில் மைக்ரோசிப், அதன் பிறகு விசர்நாய்க்கடி ஊசி, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தப் பரிசோதனை. அதில் எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகு இருக்கவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் சான்றிதழும் வேண்டும். ஆக, நான்கு மாதத்துக்குக் குறையாது, செலவும் விமானச் சீட்டைவிடக் குறையாது. மருமகன் நான்கு பேருடன் ஓர் அறையில் இருக்கிறான். அந்த யோசனை அத்துடன் நின்றது. போகப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த குடும்பங்கள், விசா விண்ணப்பம் போடும் அன்றே இந்த வேலைகளையும் தொடங்கவேண்டும்.

இதைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. 2022இல் உக்ரைன் மக்கள் எல்லை கடந்து ஓடியபோது அவர்களுடைய நாய் பூனைகளுக்கு இந்த விதிகளைத் தளர்த்தும்படி ஐரோப்பிய ஆணைக்குழு தன் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அமெரிக்காவில் 2005 கத்ரீனா சூறாவளியின்போது செல்லப் பிராணிகளை விட்டுவரமாட்டோமென்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் உண்டு. அடுத்த வருடமே வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்கவேண்டுமென்று சட்டம் போட்டார்கள். நல்லது. எங்களுக்கு அப்போது ஆட்களுக்கே பாதை திறக்கவில்லை. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனை மூடி வைத்தேன்.

சரணாலயம் இல்லையா என்று சிலர் கேட்டார்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் நடத்துகிறது. தெற்கில் எம்பார்க் போன்ற அமைப்புகள் தெருநாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கின்றன. இவை தெருவில் அடிபட்டுக் கிடக்கும், ஆதரவே இல்லாத நாய்களுக்கானவை. ஊசி போட்ட, ஆரோக்கியமான வீட்டு நாயை அங்கே கொண்டுபோய்த் தள்ளினால் வேறொன்றின் இடத்தை அது எடுத்துக்கொள்ளும். எல்லா வழியும் அடைபட்டால் மட்டும், முன்கூட்டியே பேசி, செலவுக்கு ஏதாவது கொடுத்து ஒப்படைக்கலாம். இரவோடிரவாகப் படலையில் கட்டிவிட்டு வருவது சந்தையில் விடுவதைவிடப் பெரிதாக மேலானதல்ல.

மதுரங்குளி வீடு

தேங்காய் பறிக்கிறவர்தான் அந்த வீட்டைச் சொன்னார். மதுரங்குளிப் பக்கம் ஒரு தென்னந்தோட்டம். வேலி நான்கு பக்கமும் முட்கம்பி, நடுவே ஓட்டு வீடு. கத்தோலிக்கக் குடும்பம். பெரியம்மா தமிழ் பேசுவார், பிள்ளைகள் வீட்டில் சிங்களம்தான். இந்தக் கரையில் இது சாதாரணம். ஒரே வீட்டில் செபம் ஒரு மொழியிலும் சண்டை இன்னொரு மொழியிலும் நடக்கும்.

உள்ளே போய் இருந்ததும் சுவரில் இருந்த படத்தைக் கண்டேன். இராணுவச் சீருடையில் ஒரு மகன். படத்துக்கு மாலை போட்டிருக்கவில்லை. ஆள் இருக்கிறார், இப்போது விலகி வந்துவிட்டார், தோட்டத்தைப் பார்ப்பவரும் அவர்தான் என்று பெரியம்மா சொன்னார். தேநீர் வந்தது. எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று அவர்களும் கேட்கவில்லை. எழும்பிப் போய்விடலாமா என்று ஒருமுறை நினைத்தேன். பிறகு மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளையே இங்கும் கேட்டேன்.

பகலில் யார் வீட்டில் இருப்பார்கள்? பெரியம்மா. நாய் எங்கே படுக்கும்? விறாந்தையில். வெளியூர் போனால் யார் சோறு போடுவார்கள்? தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா? மருமகளுக்குக் கொஞ்சம் பயம், பழகிவிடும் என்றார்கள். முக்கியமான கேள்வியைக் கடைசியில் கேட்டேன்: "அம்மா, உங்கட முந்தின நாய்க்கு என்ன நடந்தது?"

இந்தக் கேள்வி ஒன்றே போதும் என்று இப்போது நினைக்கிறேன். 'வண்டியில் அடிபட்டது, அதற்கு முந்தியதும் அடிபட்டது' என்றால் அந்த வீட்டில் படலை மூடுவதில்லை. 'எங்கேயோ போய்விட்டது' என்றால் தேடவில்லை. பெரியம்மா, பதின்மூன்று வயதில் செத்தது என்றார். கடைசியில் கண் தெரியாது, மகன்தான் தூக்கிக்கொண்டுபோய் வெளியில் விட்டுக் கூட்டிவருவான் என்றார். எங்கே புதைத்தது என்று கையால் காட்டினார். ஒரு மாமரத்தடி.

அன்றிரவு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், படத்தைப் பற்றியும். மறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "சங்கிலி போடுவினமோ?" என்று கேட்டார். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு மட்டும் என்றேன். சரியென்றார்.

ஒப்படைத்த விதம்

நேரே கொண்டுபோய் விட்டுவரவில்லை. முதலில் அந்த மகன் உடப்புக்கு வந்தார். அக்கா முன்னிலையில் தன் கையால் மீன் சோறு வைத்தார். வீமன் முதல் தடவை தின்னவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார், தின்றது. தன் ஆட்கள் வீட்டிலிருக்கும்போதே புதியவரின் மணத்தைப் பழகிக்கொள்வது நாய்க்குப் பெரிய உதவி.

பங்குனி கடைசியில், வெயில் ஏறுமுன் விடியற்காலையில் கொண்டுபோனோம். ஓட்டோக்காரர் முஸ்லிம் தம்பி. நாய் ஏற்றுவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டேன். இந்த மாவட்டத்தில் அதைக் கேட்பது மரியாதை. காவலுக்கும் மந்தைக்கும் நாய் வளர்க்க மார்க்கத்தில் இடமிருக்கிறது, எச்சில் ஈரம் பட்டால்தான் கழுவவேண்டும் என்று அவரே விளக்கிவிட்டு, சீற்றில் இரண்டு சாக்கு விரித்தார். போகும் வழியில் தன் வீட்டுக் கதை சொன்னார். 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய உம்மா மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவராம். ஆடுகளையும் கோழிகளையும் திறந்துவிட்டு, வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். "இப்பவும் ஆட்டைப் பத்தித்தான் பேசுவாங்க, வீட்டைப் பத்திப் பேசமாட்டாங்க" என்றார். நான் வீமனின் கழுத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா வரவில்லை. வரக்கூடாதென்று நான்தான் சொன்னேன். வந்து, அழுது, திரும்பும்போது நாய் பின்னால் இழுக்கும். ஆனால் அவர் படுத்த பழைய பாயைக் கழுவாமல் கொடுத்துவிட்டார், வீமனின் அலுமினியத் தட்டையும். இரண்டும் விறாந்தையில் ஒரு மூலையில் வைக்கப்பட்டன.

புது வீட்டில் நாய்க்கு முதல் மூன்று நாள் பயம், மூன்று கிழமையில் பழக்கம், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது விஞ்ஞானமல்ல, அனுபவக் கணக்கு. ஆனால் முதல் மூன்று கிழமை கயிறில்லாமல் வேலிக்கு வெளியே விடவேகூடாது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தப்பி ஓடும் நாய்கள் ஓடுவது அந்த நாட்களில்தான். கழுத்துப் பட்டியில் அக்காவின் இலக்கத்தையும் அவர்கள் இலக்கத்தையும் எழுதியிருந்தோம். ஓடினால் பழைய வீட்டுக்கு வரலாம் என்பதால் உடப்பு வீட்டில் புதிதாகக் குடியிருப்பவர்களிடமும் சொல்லி வைத்தோம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதல் இரண்டு நாள் வீமன் எதுவும் தின்னவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தது. தண்ணீரும் குடிக்காமல் விட்டால்தான் மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும், தின்னாதது கவலைதான், நோயல்ல. மூன்றாம் நாள் இரவு, எல்லோரும் படுத்த பிறகு, தட்டைக் காலிசெய்திருந்தது.

மொழிதான் நான் எதிர்பாராத சிக்கல். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்'. அந்தப் பிள்ளைகள் 'என்ன, என்ன' என்று கூப்பிட, வீமன் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்ததாம். எங்கள் வீட்டில் அது குரைத்தால் 'என்ன, என்ன' என்று அதட்டுவோம். அதற்கு அது சும்மா இரு என்று அர்த்தம். நான் எழுதிக்கொடுத்த தாளில் இது இல்லை. நாய்க்குப் பழகிய சொற்களையும் எழுதிக் கொடுங்கள்: வா, இரு, போதும், படு. பெரியம்மா தமிழில் கூப்பிட்டுப் பழக்கி, இப்போது இரண்டு மொழிக்கும் வருகிறதாம்.

வாய்வார்த்தையாக ஓர் ஒப்பந்தமும் வைத்துக்கொண்டோம். ஏதாவது காரணத்தால் வைத்திருக்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் முதலில் எங்களுக்குச் சொல்லவேண்டும். நாங்களும் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போன் எடுத்துத் தொந்தரவு செய்யக்கூடாது. அக்கா முதல் கிழமையிலேயே நான்கு தடவை எடுத்துவிட்டார். அந்த மகன் ஒருநாளும் சலிக்காமல் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். போய்ப் பார்ப்பதென்றால் மூன்று மாதம் கழித்தே போகவேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லியிருந்தேன்.

ஆடியில் அத்தானுக்குக் கொஞ்சம் நடக்க முடிந்தபோது இருவரும் போனார்கள். வீமன் ஓடிவந்து அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்து, சுற்றிச் சுற்றி வந்து ஊளையிட்டதாம். மாலையில் வெளிக்கிட்டபோது படலை வரை வந்ததாம். படலைக்கு வெளியே வரவில்லை.

அடுத்த ஊசி வருகிற மாசியில். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.